மேல்மாடித் தேதி, கீழ்த்தளத் தேதி

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். நான் வேலை பார்த்த கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவளாம், பெயர் ஹரிணி. "சார், நீங்க இருந்தப்ப ரிலீஸ் தேதியெல்லாம் கையாலயே மாத்துவீங்களாமே, தேதி தப்பவே தப்பாதாமே. அது எப்படின்னு ஒரு நாலஞ்சு பக்கம் எழுதித் தர்றீங்களா? புதுசா வர்றவங்களுக்குப் படிக்கக் குடுக்கணுமாம். ரஹ்மத் சார் கேக்கச் சொன்னாங்க" என்றாள்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது, அந்த 'ரஹ்மத் சார்' வரும்வரைக்கும். நான் இருந்தவரை அவன் வெறும் ரஹ்மத்து. டெஸ்டிங் ரஹ்மத்து. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்துகொண்டு சார் ஆகிவிட்டான். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். அதற்குப் பிறகு அரை மணி நேரம் ஒரு வேலையும் ஓடவில்லை. என் மனைவி வந்து, "என்ன, பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவளிடம் அப்படிச் சொல்லிச் சமாளிக்கலாம், எழுத உட்கார்ந்துவிட்டுச் சமாளிக்க முடியாது. எனக்குப் பொறாமை. அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

என் பெயர் தண்டபாணி. சொந்த ஊர் பூம்பாறை. வீட்டில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுவார்கள். எனக்கு மண்வெட்டி ஒத்துவரவில்லை, டைப்ரைட்டிங் ஒத்துவந்தது. பி.காம். முடித்துவிட்டு கொடைக்கானலில் லாட்ஜ் லாட்ஜாக ரிசப்ஷனில் உட்கார்ந்து பதினெட்டு வருஷத்தை ஓட்டினேன். எனக்கு நாற்பத்தொன்று ஆனபோது, லாட்ஜ்களுக்கும் கெஸ்ட் ஹவுஸ்களுக்கும் அறை புக்கிங் சாப்ட்வேர் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்று ஏழு ரோட்டுக்குப் பக்கத்தில் தொடங்கியது. லாட்ஜ்காரர்களின் மனசு தெரிந்த ஆள் ஒருத்தன் வேண்டும் என்று என்னை எடுத்தார்கள். கம்ப்யூட்டர் வேலையை இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டேன். மீதியை அடுத்த பதினேழு வருஷத்தில் கற்றுக்கொண்டேன்.

ஆபீஸ் ஒரு பழைய பங்களா. மேல்மாடியில் பிளானிங் ஆட்கள். சாப்ட்வேரில் அடுத்து என்ன புதிதாக வர வேண்டும், அது எந்தத் தேதியில் லாட்ஜ்காரர்கள் கைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்வது அவர்கள். கீழ்த்தளத்தில் டெவலப்பர்கள். அதை எழுதி முடிப்பது இவர்கள். மேலே உள்ளவர்கள் கம்ப்யூட்டரில் ஒரு பலகை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வெர்ஷனும் அதில் ஒரு பட்டையாக இருக்கும், பட்டையின் நுனியில் தேதி இருக்கும். கீழே உள்ளவர்கள் வேறொரு சாப்ட்வேரில் டிக்கெட் வைத்திருந்தார்கள். ஒரு வெர்ஷனுக்குள் நாற்பது ஐம்பது சின்ன வேலைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக்கெட், ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு தேதி. பலகைக்கும் டிக்கெட்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சொல்லப்போனால் இரண்டு தளத்து ஆட்களும்கூட அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். நடுவில் நான் இருந்தேன்.

என் வேலை இதுதான். காலை ஒன்பதே காலுக்கு என் மேசையில் இரண்டு திரைகளையும் திறப்பேன். இடது பக்கம் மேல்மாடிப் பலகை, வலது பக்கம் கீழ்த்தள டிக்கெட். முந்தின நாள் மேலே எந்தப் பட்டை நகர்ந்திருக்கிறது என்று பார்த்து நோட்டில் குறிப்பேன். அந்த வெர்ஷனுக்குரிய டிக்கெட்டுகளைக் கீழே ஒவ்வொன்றாகத் திறந்து தேதியை மாற்றுவேன். முடித்ததும் முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டு ஒருமுறை படிப்பேன். கண் ஏமாற்றும், காது ஏமாற்றாது. அப்புறம் தலைகீழாக அதே வேலை. கீழே எந்த டிக்கெட் நின்றுபோயிருக்கிறது, யார் லீவில் போயிருக்கிறார்கள் என்று பார்த்து, மேலே அந்தப் பட்டையின் நிறத்தை மாற்றுவேன். பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் வராது. பதினொன்றரைக்கு எல்லாம் முடிந்து, படியேறி மேனேஜர் அறைக்குப் போவேன்.

மேனேஜர் ஸ்டெல்லா மேடம். யாரையும் அதட்டிப் பேசி நான் பார்த்ததில்லை. நாம் ஏதாவது சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிச் சால்வை நுனியால் துடைப்பார். துடைத்துக்கொண்டே இருப்பார். நாம் மறைத்து வைத்திருந்தது தானாக வாயிலிருந்து வரும்வரை துடைப்பார். அவர் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய காலண்டர். ரிலீஸ் தேதியை யார் சொன்னாலும் அதில் பென்சிலால் எழுதுவார், மாறினால் அழிப்பதற்கு. நான் சொன்னால் மட்டும் பேனாவால் எழுதுவார். "தண்டபாணி சார், ஃபைனல்தானே?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் பேனாவை எடுப்பார். அந்தப் பேனாவுக்காகத்தான் நான் வேலைக்குப் போனேன் என்று சொன்னால் பொய்யில்லை.

ஆனால் அந்தப் பேனாவை நான் நேர் வழியில் சம்பாதிக்கவில்லை. சேர்ந்த முதல் வருஷம், மேலே திங்கட்கிழமை என்று போட்டிருந்த வெர்ஷன் புதன்கிழமைதான் வந்தது. ஐந்து பேர் இருந்த கூட்டத்தில் மேடம், "சொன்ன தேதி என்னாச்சு சார்?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. அன்றைக்கே ஒரு முடிவு செய்தேன். எங்கள் ரிலீஸ் எப்போதும் திங்கட்கிழமைதான் லாட்ஜ்களுக்குப் போகும். வெள்ளி, சனி, ஞாயிறு ஊர் நிறையக் கூட்டம் இருக்கும், அப்போது எந்த லாட்ஜ்காரரும் புதிதாக எதையும் தொட மாட்டார். மேலே திங்கள் என்று இருந்தால், நான் கீழே டிக்கெட்டுகளில் அதற்கு முந்தின வியாழன் என்று எழுதினேன். நான்கு நாள். யாரிடமும் சொல்லவில்லை. டெவலப்பர்கள் வியாழன்தான் ரிலீஸ் என்று நம்பினார்கள். மேல்மாடிக்காரர்கள் கீழேயும் திங்கள் என்றுதான் இருக்கிறது என்று நம்பினார்கள்.

அதில் எனக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சமில்லை. வியாழன் மதியம் கீழ்த்தளத்துத் தலைவன் சதீஷ் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவான். "அண்ணே, இன்னைக்கு முடியாது போலருக்கு. இன்னும் ரெண்டு மூணு வேல கெடக்கு." நான் பெருமூச்சு விடுவேன். "மேல என்ன சொல்லுவாங்கன்னு தெரியலயேப்பா. சரி இரு, போயிப் பேசிப் பாக்குறேன்." படியேறிப் போய் மேல்மாடி பால்கனியில் நின்று ஒரு டீ குடிப்பேன். யாரிடமும் ஒரு வார்த்தை பேச மாட்டேன். பத்து நிமிஷம் கழித்து இறங்கி வந்து, "சனிக்கிழம சாயங்காலம் வரைக்கும் வாங்கிக் குடுத்திருக்கேன். அதுக்கு மேல என்னால ஆகாது" என்பேன். சதீஷ் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் போவான். சனிக்கிழமை முடித்துவிடுவார்கள். திங்கட்கிழமை காலையில் மேலே பட்டை பச்சையாக இருக்கும். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்பார்களே, அது நான்தான். வெட்கமெல்லாம் இல்லை. பதின்மூன்று வருஷம் அப்படி ஓட்டினேன், பெருமையாகத்தான் இருந்தது.

அப்போதுதான் ரஹ்மத்துல்லா குறுக்கே வந்தான். அவன் குடும்பத்துக்கு பஜாரில் பலசரக்குக் கடை. அண்ணன் கடையைப் பார்த்துக்கொள்ள, இவன் தானாகவே புரோகிராமிங் படித்து எங்களிடம் டெஸ்டிங் வேலைக்குச் சேர்ந்தான். என்னைவிட எட்டு வயது சின்னவன். பேச்சில் மரியாதை குறையாது, அண்ணே அண்ணே என்றுதான் வாய் வரும். பெருநாள் என்றால் ஆபீஸுக்கே பிரியாணி வரும். அவன் சிரித்தால் மேடம்கூடச் சிரிப்பார். நான் பதின்மூன்று வருஷமாக அந்த அறைக்குள் போய் வந்தும் மேடத்தின் பல்லைப் பார்த்ததில்லை.

வேலை நேரம் முடிந்ததும் அவன் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மாடிப்படியின் நடுத்திருப்பத்தில் போய் உட்காருவான். அங்கேதான் வைஃபை நன்றாக வரும் என்பான். ஒரு நாள் அந்த வழியாகப் போன என்னை நிறுத்தினான்.

"அண்ணே, ஒங்க நோட்ட ஒரு நா மட்டும் குடுக்குறீங்களா? தேதி எப்பிடி எப்பிடி மாறுதுன்னு பாக்கணும்."

"எதுக்கு?"

"மேல தேதி மாறுனா கீழ தானா மாறுற மாதிரி ஒண்ணு எழுதிக்கிட்டிருக்கேன். ஒங்களுக்கும் காலைல அந்த ரெண்டு மணி நேரச் சோலி மிச்சமாகும்ல."

நோட்டு வீட்டில் இருக்கிறது என்றேன். அது என் கைப்பையில்தான் இருந்தது. அந்த ரெண்டு மணி நேரத்தைத் தவிர என்னிடம் வேறு என்ன சோலி இருந்தது? அதை மிச்சம் பிடித்து நான் என்ன செய்ய? அவன் நல்லதாகத்தான் சொன்னான். எனக்கு வயிறு எரிந்தது.

ஒன்றரை மாதத்தில் முடித்துவிட்டான். மேடம் அறையில் எல்லோரையும் வைத்துக் காட்டினான். மேல்மாடிப் பலகையில் ஒரு பட்டையை இழுத்து ஒரு வாரம் தள்ளினான். "இப்ப கீழ பாருங்க மேடம்" என்றான். நாற்பத்து மூன்று டிக்கெட்டுகளும் நகர்ந்திருந்தன. எனக்கு அதற்கு முக்கால் மணி நேரம் ஆகும், வாய்விட்டுப் படிப்பதைச் சேர்க்காமல். சதீஷ் கைதட்டினான். என்னிடம் கும்பிடு போட்டுக்கொண்டிருந்த அதே சதீஷ்தான். மேடம், "அப்போ சீசன் வெர்ஷன் எந்த டேட் ரஹ்மத்?" என்று கேட்டார். அவன் திரையைப் பார்த்துத் தேதியைச் சொன்னான். மேடம் பேனாவை எடுத்துக் காலண்டரில் எழுதினார்.

பென்சிலை எடுப்பார் என்று கடைசி நொடிவரை பார்த்துக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை. நான் பதின்மூன்று வருஷம் படியேறி வாங்கியதை அவன் ஒரு நாளில் உட்கார்ந்த இடத்தில் வாங்கிவிட்டான்.

மறுநாள் காலையில் அவனே என் மேசைக்கு வந்தான். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றான்.

"அண்ணே, ஒரு சந்தேகம். ரெண்டு பக்கத் தேதியையும் ஒப்பிட்டுப் பாத்தேன். சீசன் வெர்ஷன் மேல திங்கக்கெழமன்னு இருக்கு, கீழ அதுக்கு முந்துன வியாழன்னு இருக்கு. நாலு நாள் இடிக்குது. எத வச்சுக்கட்டும்?"

அந்த இடத்தில் நான் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். இந்த நான்கு நாள் டெவலப்பர்கள் தாமதப்படுத்தினால் சமாளிக்க நான் ஒதுக்கி வைத்தது, அப்படியே விட்டுவிடு என்று. சொன்னால் பதின்மூன்று வருஷ டீயும் பெருமூச்சும் வெளியே வந்துவிடும். அதற்காக மட்டும் மறைத்தேன் என்றால் அதுவும் பாதி உண்மைதான். மீதிப் பாதி இது: அவன் செய்தது தோற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

"மேல இருக்கிறதுதான் சரி. கீழ ஏதோ பழசு நின்னுருக்கும்" என்றேன்.

"சரிண்ணே. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று போய் எல்லா டிக்கெட்டுகளையும் திங்கட்கிழமைக்கு மாற்றிவிட்டான்.

சீசன் வெர்ஷன் என்பது சாதாரணமானதில்லை. ஒரு கெஸ்ட் ஹவுஸ்காரர் தன் அறையை இரண்டு புக்கிங் இணையதளங்களில் போட்டிருந்தால், ஒன்றில் விற்றதும் மற்றதில் அந்த அறை தானாக மூடிக்கொள்ள வேண்டும். அதுவரை அந்த வசதி இல்லாததால் சின்ன கெஸ்ட் ஹவுஸ்காரர்கள் பயந்துகொண்டு ஒரே தளத்தில்தான் போட்டிருந்தார்கள். மே மாதக் கூட்டத்துக்கு முன்னால் அது வந்துவிட வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். வெர்ஷன் வரும் அன்று காலையில் அத்தனை பேருக்கும் மேல்மாடிப் பலகையே ஒரு குறுஞ்செய்தி அனுப்பும். தேதி வந்தால் அது அனுப்பிவிடும், வேலை முடிந்ததா என்று கேட்காது. இவ்வளவு நாளும் வேலை எப்படியும் முடிந்திருக்கும் என்பதால் அதை யாரும் யோசித்ததில்லை.

முந்தின வெள்ளிக்கிழமை கீழே போய்ப் பார்த்தேன். சதீஷ் கூட்டம் சாவகாசமாக இருந்தது. வழக்கமாக வியாழனே முடிக்க வேண்டும் என்று பதறுகிறவர்கள், திங்கள்தானே என்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் அடுத்த புதன், வியாழனுக்கு முன்னால் முடிக்கப் போவதில்லை என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. படியில் ரஹ்மத்து எதிர்ப்பட்டான்.

"எல்லாம் சரியாப் போகுதுல்லண்ணே?"

"டூலுதான் பாத்துக்குதே. அப்பறம் என்ன?" என்றேன்.

திங்கட்கிழமை காலை குறுஞ்செய்தி போய்விட்டது. பதினோரு மணிக்கு சதீஷ் பழக்கத்தில் என்னிடம் ஓடி வந்தான். "அண்ணே, இன்னும் முடியல. மேல பேசி ரெண்டு நாள் வாங்கிக் குடுங்கண்ணே." நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இனிமே எங்கிட்ட கேக்காதப்பா. அந்த டூலக் கேளு" என்றேன். வெர்ஷன் வியாழக்கிழமை இரவுதான் வந்தது.

சனிக்கிழமை மதியம் மேடம் என்னையும் ரஹ்மத்தையும் கூப்பிட்டு, வட்டக்கானலில் ஒரு பிரச்சினை, உடனே போய்ப் பாருங்கள் என்றார். முத்துலட்சுமி என்று ஒரு அம்மா, மூன்று அறை வைத்து நடத்துகிறவர். திங்கட்கிழமை செய்தியைப் பார்த்ததும் நம்பி மூன்று அறைகளையும் இரண்டு தளத்திலும் திறந்துவிட்டார். புதன்கிழமைக்குள் ஒரு அறை இரண்டு இடத்திலும் விற்றுவிட்டது. ஜீப்பை விட்டு இறங்கிச் சரிவில் நடந்து போனால், வாசலில் இரண்டு குடும்பம் பெட்டியும் பையுமாக நிற்கிறது. மதுரைக்காரர்களோடு மூட்டுவலிக்காரப் பெரியவர் ஒருத்தர், படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கோயம்புத்தூர்க் குடும்பத்தில் கைக்குழந்தை, குளிரில் கத்திக்கொண்டிருந்தது. ஊரில் எங்கேயும் அறை கிடையாது. சீசன் சனிக்கிழமையில் கேட்கவே வேண்டாம்.

முத்துலட்சுமியம்மா கத்தவில்லை. "ரெண்டு குடும்பத்துக்கு நடுவுல என்னையக் கொண்டாந்து நிறுத்திட்டீங்களே. இதுல யார நான் போகச் சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க. பெரியவரப் போகச் சொல்லவா, பச்சப்புள்ளக்காரியப் போகச் சொல்லவா?"

ரஹ்மத்து பெரியவரின் பையைத் தூக்கினான். கடைசியில் அந்த அம்மா தன் வீட்டையே மதுரைக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்து, பிள்ளைகளோடு அடுப்படியில் படுத்துக்கொள்வது என்று ஆனது. ரஹ்மத்து வீட்டுக்குள் போய் அவருடைய சாமான்களை ஒதுக்கி, கட்டிலை நகர்த்தி, போர்வை விரித்தான். நானும் ஒரு தலையணையைத் தூக்கினேன். வெளியே வந்தபோது, இந்தத் தடவை தேதியைப் பார்த்தது தான்தான் என்று ரஹ்மத்து சொன்னான். அந்த அம்மா அவனைப் பார்த்துச் சொன்னார்: "இத்தன வருசம் இந்த அண்ணன் பாத்துக்கிட்டிருந்தாரு, ஒரு தடவயாச்சும் இப்பிடி ஆகியிருக்கா? தெரியாத வேலய எதுக்குத் தம்பி எடுத்துக் கைல வச்சுக்கிறீங்க?"

எழுதவே கூசுகிறது. குழந்தை அழுதுகொண்டிருக்கிறது, அந்த அம்மா வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டு நிற்கிறார், எனக்கு உள்ளுக்குள் இனித்தது. திரும்பி வரும்போது ஜீப்பில் நான் அவனிடம் இரண்டு தடவை பேச்சுக் கொடுத்தேன், ஆறுதல் சொல்கிற மாதிரி.

திங்கட்கிழமை கூட்டம். மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத்தனை இயர்ஸ் டேட் மிஸ் ஆனதில்லை. இந்த ஒரு தடவை மட்டும் எப்படி? எனக்குப் புரியணும்."

துடைத்துக்கொண்டே இருந்தார். சதீஷ் தரையைப் பார்த்தான். பதின்மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கண்ணாடிக்கு முன்னால் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரஹ்மத்து என்னைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் லேப்டாப்பை மூடினான்.

"என் தப்புதான் மேடம். தேதிய நான் சரியாப் பாக்கல."

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தேதியைத் தானாக மாற்றும் ரஹ்மத்தின் டூலை, அந்த சிங்க்கை, நிறுத்திவிடச் சொன்னார். "தண்டபாணி சார், பழையபடி நீங்களே பார்த்துக்குங்க" என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது அரைக் கிலோ ஜிலேபி வாங்கிக்கொண்டு போனேன். என்ன விசேஷம் என்று மனைவி கேட்டதற்கு, விசேஷம் இருந்தால்தான் ஜிலேபி வாங்க வேண்டுமா என்றேன்.

அதன்பிறகு நான்கு வருஷம் வேலை பார்த்தேன். திங்களுக்கு வியாழன் என்று எழுதினேன், பால்கனியில் டீ குடித்தேன். தேதி தப்பவில்லை. ரஹ்மத்து டெஸ்டிங்குக்கே போய்விட்டான். அவனோடு சேர்ந்தவர்கள் மேலே மேலே போனார்கள், அவன் அதே மூலை மேசையில் இருந்தான். அவன் பெயரை வேறு வேலைக்கு யாராவது சொன்னால், 'வட்டக்கானல் கேஸ்தானே' என்று ஒருத்தர் ஞாபகப்படுத்துவார். அந்த நான்கு வருஷம்தான் எனக்கு அவன்மேல் பொறாமை இல்லாத காலம். பரிதாபம்தான் இருந்தது. காலையில் அவன் மேசைப் பக்கம் போனால் தோளில் தட்டிவிட்டுப் போவேன். டீக்கு எனக்கு வாங்கிய பிஸ்கட்டில் இரண்டை அவனுக்கு வைப்பேன். பெரிய மனுஷத்தனமாக நடந்துகொள்வதாக நினைப்பு.

ஐம்பத்தெட்டில் ஓய்வு கொடுத்தார்கள். பொன்னாடை, சந்தன மாலை, மேடத்தின் பேச்சு எல்லாம் நடந்தது. நான் வெளியே வந்த மறுவாரமே ரஹ்மத்தை என் இடத்தில் போட்டார்கள் என்றும், அவன் அந்தப் பழைய சிங்க்கை மறுபடி ஓட விட்டிருக்கிறான் என்றும் கேள்விப்பட்டேன். சரி, இன்னொரு வட்டக்கானல் வரும் என்று காத்திருந்தேன். ஒன்றரை வருஷமாகக் காத்திருந்தேன். வரவில்லை.

அந்தப் பெண் போன் செய்தபிறகு எழுத உட்கார்ந்தால், இதுதான் முதலில் வந்து நின்றது. நான்கு நாள் இல்லாமல் அவனால் எப்படித் தேதி தப்பாமல் ஓட்ட முடிகிறது? பசங்க திருந்திவிட்டார்களா? தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அண்ணனுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் பஜார் கடையில் உட்காருவான் என்று தெரியும். துவரம்பருப்பு வாங்குகிற சாக்கில் போனேன். எழுந்து நின்று வரவேற்று ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"தேதி தப்பாமப் போகுதாமே" என்றேன்.

"ஏதோ ஓடுதுண்ணே."

"எப்பிடி ஓடுது?"

லேப்டாப் கல்லாவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. திறந்து என் பக்கம் திருப்பினான். செட்டிங்கில் ஒரே ஒரு வரியைக் காட்டினான். மேல்மாடித் தேதியிலிருந்து நான்கு நாளைக் கழித்துக் கீழே எழுதும்படி அதில் இருந்தது.

"கீழ பசங்க எல்லாருக்கும் தெரியும்ணே. இந்த நாலு நாளு டெஸ்டிங்குக்கும் தாமசத்துக்கும்னு மொதல்லயே சொல்லிட்டேன். ஒத்துக்கிட்டாங்க. பெரிய விசயமே இல்ல."

பதினேழு வருஷம் நான் பொய் சொல்லி ஓட்டியதை அவன் சொல்லிவிட்டே ஓட்டிக்கொண்டிருந்தான்.

"இத எங்க புடிச்ச?"

"ஒங்ககிட்டதாண்ணே. டிக்கெட்டுக்கு அடியில யாரு எந்தத் தேதிய எப்ப மாத்துனாங்கன்னு லிஸ்ட்டு இருக்கும்ல. பூராத்தையும் எறக்கிப் பாத்தேன். எல்லாத்துலயும் நாலு நாளு. எல்லாத்துலயும் ஒங்க பேரு."

"எப்பப் பாத்த? நான் போனப்பறமா?"

"இல்லண்ணே. வட்டக்கானல்லருந்து வந்தோம்ல, மறுநா ஞாயித்துக்கெழம. அன்னைக்குப் பூரா அதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

கூட்டம் நடந்தது அதற்கு மறுநாள். அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தானே, அப்போது அவனுக்கு எல்லாம் தெரியும். நான் அதை உதவி கேட்கிற பார்வை என்று நினைத்தேன்.

"தெரிஞ்சுமா மேடத்துகிட்ட சொல்லல?"

அதற்குள் ஒருத்தர் வந்து கடலைமாவு கேட்டார். ரஹ்மத்து எழுந்துபோய் எடை போட்டு, பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்தான். பேச்சை எங்கே விட்டோம் என்று ஒரு நொடி யோசித்தவன் மாதிரி இருந்தது. அவனுக்கு அது அவ்வளவு சின்ன விஷயமாக இருந்திருக்கிறது.

"சொல்லியிருந்தா ஒங்கள எங்கண்ணே உக்கார வச்சிருப்பாங்க? ஒங்களுக்கு அந்த ஒரு சோலிதான் தெரியும். எனக்கு டெஸ்டிங் கெடந்துச்சு. ஒங்களுக்கும் நாலு வருசந்தான பாக்கி இருந்துச்சு, போகட்டும்னு விட்டேன்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை, நான் தேடிப் பார்த்தேன். டீ சொல்லியிருந்தான், வந்தது. அந்த நான்கு வருஷமும் அவன் மூலையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நான் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன். நான் நோட்டைத் தூக்கிக்கொண்டு படியேறுவதையும், டீ குடித்துவிட்டு இறங்குவதையும் அந்த மூலையிலிருந்து பார்த்து அவனும் என்மேல் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறான். நான் வைத்த பிஸ்கட்டையும் எடுத்துத் தின்றிருக்கிறான். அவன் ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன்.